சிக்னல் ஃபுல்லா இருக்கு, ஆனா ஓடல

வீட்டில் வைஃபை வைத்திருக்கும் எவரும் இந்த வாக்கியத்தை ஒருமுறையாவது சொல்லியிருப்பார்கள். மடிக்கணினித் திரையின் மூலையில் விசிறிபோல விரியும் குறி முழுதாக ஒளிர்கிறது. பாட வீடியோவோ வட்டமடித்துக்கொண்டே இருக்கிறது. அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவரின் முகம் பாதி திறந்த வாயோடு உறைந்து நிற்கிறது. இணைப்பு கொடுத்தவர்களுக்குப் போன் போட்டால், "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று பதில் வருகிறது. சில நேரம் சரியாகிவிடும். எதனால் சரியானது என்று தெரியாததால், இரண்டு நாளில் அதே நிலை திரும்பும்போது மறுபடியும் அதே சுவிட்சைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அதுவும் அலுத்தபின் கூடுதல் விலைத் திட்டத்துக்கு மாறுகிறார்கள். பல வீடுகளில் அந்தப் பணம் வீண்.

ஏன் வீண் என்பதற்கான விடை அந்தப் புகாருக்குள்ளேயே இருக்கிறது. சிக்னல் ஒன்று, ஓடுவது வேறொன்று. மூலையில் தெரியும் குறி, ரவுட்டரின் குரல் மடிக்கணினிக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. அதே காற்றில் இன்னும் எத்தனை பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நடுவே எவ்வளவு இரைச்சல், ரவுட்டருக்கு அப்பால் கம்பியில் என்ன நிலை என்பதெல்லாம் அந்தக் குறிக்குத் தெரியாது.

எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் கணினியிலிருந்து வரும் தகவல், இணைப்பு நிறுவனத்தின் வலையமைப்பைத் தாண்டி, தெருக்கம்பம் வழியாக வரும் ஃபைபரில் இறங்கி, சுவரில் மாட்டிய பெட்டிக்குள் நுழைந்து, அங்கிருந்து காற்றில் தாவி, மடிக்கணினியின் சிறிய வைஃபை அட்டையைச் சேர்ந்து, கடைசியில் மென்பொருளின் கைக்கு வருகிறது. இந்த வழியில் எந்த இடத்தில் நெரிசல் ஏற்பட்டாலும் திரையில் தெரிவது ஒரே சுழலும் வட்டம்தான். அதனால் பழுது தேடுபவர் முதலில் கேட்க வேண்டியவை: எப்போது மெதுவாகிறது, எங்கே மெதுவாகிறது, எதில் மெதுவாகிறது? இரவு எட்டிலிருந்து பத்துவரை மட்டுமா, நாள் முழுதுமா? படுக்கையறையில் மட்டுமா, ரவுட்டர் பக்கத்திலுமா? மடிக்கணினியில் மட்டுமா, அதே இடத்தில் வைத்த கைப்பேசியிலுமா? இவற்றுக்கு விடை எழுதிவைத்தவருக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது. அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்ப்பவரோ, எது பலித்தது என்று அறியாமலே களைத்துப்போகிறார்.

முதல் சோதனைக்குக் காற்றையே விலக்கிவிட வேண்டும். ஒரு லேன் கேபிளை ரவுட்டரிலும் மடிக்கணினியிலும் செருகி, வைஃபையை அணைத்து, வேகத்தைப் பார்ப்பது. இப்போதைய மெல்லிய மடிக்கணினிகளில் லேன் துளை இருப்பதில்லை. யூஎஸ்பி வழியாகச் செருகும் சிறு இணைப்பான் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினாலும் போதும். கம்பியிலும் இழுக்கிறது என்றால் வைஃபையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை; பெட்டிக்கு அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். மாதக் கடைசியில் மட்டும் இழுத்தால், திட்டத்தின் டேட்டா வரம்பு முடிந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கலாம். கம்பியில் பாய்ந்து வைஃபையில் இழுத்தால், கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பது உறுதி.

இங்கே எண்களில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. நிறுவனங்கள் விற்பது மெகாபிட் கணக்கில். கணினி கோப்பு இறக்கும்போது காட்டுவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கில். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 மெகாபிட் திட்டத்தில் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. 12 என்ற எண்ணைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதிப்பவருக்கு உண்மையில் முழு வேகமும் கிடைத்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, விலை குறைந்த ரவுட்டர்களின் லேன் துளைகள் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தாலும், நல்ல துளையேகூட 100-க்கு இறங்கிவிடும். 300 மெகாபிட் திட்டம் வாங்கியவர் எந்தச் சோதனையிலும் 95-ஐத் தாண்டவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

உண்மையில் எவ்வளவு வேகம் தேவை என்பதும் கவனிக்க வேண்டியது. இந்தியாவின் 2004-ஆம் ஆண்டு அகன்ற அலைவரிசைக் கொள்கை 256 கிலோபிட்டையே பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. 2023 ஜனவரியில் அந்த வரம்பு 2 மெகாபிட் ஆனது. நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படத்துக்குப் பரிந்துரைப்பது 15 மெகாபிட். முழு எச்டிக்கு 5. வீடியோ கூட்டத்துக்கு நான்கு மெகாபிட் இருந்தாலே தாராளம். அப்படியானால் 100 மெகாபிட் இணைப்பு உள்ள வீட்டில் ஒரே ஒரு கூட்டம் திக்கித் திணறுவது ஏன்? குழாயின் அகலம் போதவில்லை என்ற விளக்கம் இங்கே நிற்காது.

காற்றின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

வைஃபை முதலில் குடியேறிய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, தகவல் தொடர்புக்காக ஒதுக்கப்பட்ட இடமே அல்ல. தொழிற்சாலை, ஆய்வகம், மருத்துவக் கருவிகளுக்கென்று 1947-இல் நடந்த பன்னாட்டு வானொலி மாநாட்டுக் காலத்திலேயே அது விடப்பட்டது. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் அதில்தான். இரைச்சல் மிகுந்த அந்தப் புறம்போக்கில் உரிமம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் குறைந்த சக்தியில் ஒலிபரப்பலாம் என்று அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 1985-இல் அனுமதித்தது. 802.11 என்ற முதல் தரநிலை 1997-இல் வந்தபோது அதன் வேகம் வெறும் 1 அல்லது 2 மெகாபிட். இந்தியாவில் இந்த அலைவரிசைக்கு உரிம விலக்கு 2005-இல் கிடைத்தது. அன்று மொத்தம் 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலம். அதற்குள்தான் வைஃபை, புளூடூத், கம்பியில்லா மவுஸ், குழந்தை அழுவதைக் கேட்கும் கருவி எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

உரிமம் இல்லாத இடத்தில் ஒழுங்கை யார் காப்பது? அவரவரே காத்துக்கொள்ள வேண்டும். இந்த எண்ணத்தின் வேர் ஹவாய் தீவுகளில் இருக்கிறது. தீவுகளுக்கு இடையே கணினிகளை வானொலி வழியாக இணைக்க, ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் 1971-இல் அலோகாநெட் என்ற வலையமைப்பை இயக்கினர். சொல்ல வேண்டியது இருந்தால் சொல்லிவிடு. இன்னொருவர் பேச்சோடு மோதிவிட்டால் சிறிது நேரம் கழித்து மறுபடி சொல். இந்த முறையில் நேரத்தில் 18 விழுக்காட்டுக்குமேல் பயன்பட வழியில்லை என்பது கணக்கு. வைஃபை அதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. பேசுமுன் காதைத் தீட்டிக் கேட்கிறது, காற்று அமைதியாக இருந்தால்தான் வாய் திறக்கிறது, அப்போதும் குலுக்கல் முறையில் சில கணங்கள் பொறுத்துப் பார்க்கிறது. ஆனாலும் அடிப்படை மாறவில்லை: ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும்.

தெருக்குழாயடியை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். குழாய் ஒன்று, வரிசையில் பத்துக் குடங்கள். ஆளுக்கு ஒரு குடம், பிறகு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். இதில் ஒருவர் மட்டும் வாய் குறுகிய கூஜாவைக் கொண்டுவந்து, சொட்டுச் சொட்டாகப் பிடிக்கிறார். முறை எல்லாருக்கும் சமம்தான், ஆனால் அவர் முறை முடிய ஆகும் நேரத்தில் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் தவிக்கிறார்கள். வைஃபையில் இதைத்தான் பிரான்சின் கிரெனோபில் நகர ஆய்வாளர்கள் 2003-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். 11 மெகாபிட் வேகத்தில் இயங்கும் கணினிகள் நிறைந்த வலையமைப்பில் தொலைவில் இருக்கும் ஒரே ஒரு கணினி 1 மெகாபிட்டுக்கு இறங்கினாலும், மற்ற எல்லாருடைய வேகமும் அந்தக் கடைசிக் கணினியின் அளவுக்கும் கீழே விழுந்துவிடுகிறது. தரநிலைகள் பிறகு வெகுவாக வளர்ந்துவிட்டன, சில ரவுட்டர்கள் முறையைக் குடத்தால் அளக்காமல் நேரத்தால் அளக்கக் கற்றுவிட்டன. என்றாலும் மாடி மூலையில் கிடக்கும் பழைய கைப்பேசியோ, வாசல் கேமராவோ, பலவீனமான சிக்னலில் முக்கிக்கொண்டிருந்தால், ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மடிக்கணினி காத்திருக்கத்தான் வேண்டும். சிக்னல் முழுதாக இருக்கும். ஓடாது.

வரிசையில் நிற்பவர்கள் அந்த ஒரு வீட்டார் மட்டும் என்றால் பரவாயில்லை. சென்னை வேளச்சேரியிலோ கோவை பீளமேட்டிலோ ஓர் அடுக்குமாடி வீட்டில் வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபது பெயர்கள் வரிசையாக வருவது இயல்பு. 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 13 சேனல்கள் இருப்பதாகப் பெயர். ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்ள, அடுத்தடுத்த சேனல்களுக்கு நடுவே இடைவெளியோ வெறும் 5. ஆக ஒன்றையொன்று மிதிக்காமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். மூன்று குழாய்க்கு இருபது வீடு. யாரும் இல்லையே என்று 3-ஆம் சேனலைத் தேர்ந்தெடுப்பது நல்ல யோசனைபோலத் தோன்றும். உண்மையில் அது மேலும் கெடுக்கும். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்டு வழிவிடுகிறார்கள். பாதி மிதித்துக்கொண்டு நிற்பவருடைய பேச்சு இரைச்சலாக மட்டுமே விழுகிறது, ஆதலால் இரு பக்கமும் மோதிச் சிதறுகிறது. இதே காரணத்தால், 2.4-இல் வேகத்தை இரட்டிப்பாக்குவதாகச் சொல்லி 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் போட்டுவைப்பது நெருக்கமான குடியிருப்பில் தனக்கும் அண்டைவீட்டாருக்கும் தீங்கு.

நெரிசலுக்குச் சரியான மருந்து 5 கிகாஹெர்ட்ஸ். இந்தியா 2018 அக்டோபரில் இந்த அலைவரிசையில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றித் திறந்துவிட்டது, 2.4-இல் இருப்பதைப்போல ஏழு மடங்குக்கும் மேல். மேலும் அது சுவரைத் துளைக்கத் தயங்கும் அலை என்பதால் பக்கத்து வீட்டு இரைச்சலும் அவ்வளவாக உள்ளே வருவதில்லை. வீட்டில் ஏற்கெனவே இரண்டு அலைவரிசை ரவுட்டர் இருந்தும், மடிக்கணினி பழக்கத்தால் 2.4-லேயே ஒட்டிக்கொண்டிருப்பது இந்தப் பழுதுகளில் மிக எளிதானது. ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, மடிக்கணினியை 5-இல் மட்டும் சேர்த்து, பழைய பெயரை மறக்கச் செய்தால் பத்து நிமிடத்தில் தீரும்.

ஆனால் சுவரைத் துளைக்கத் தயங்கும் என்ற அதே குணம் தமிழ்நாட்டு வீடுகளில் பெரும் சிக்கலாகிறது. மரப்பலகையும் ஜிப்சம் அட்டையும் வைத்துக் கட்டிய அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து ரவுட்டர் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட தூரம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கும் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்துக்கும் பொருந்தாது. நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு தடை ஸ்டீல் பீரோ. ஆளுயர இரும்புத் தகடு. கதவில் பெரும்பாலும் முகம் பார்க்கும் கண்ணாடி, அதன் பின்னாலும் உலோகப் பூச்சு. ரவுட்டருக்கும் எழுதும் மேசைக்கும் நடுவே பீரோ நின்றால், அதன் பின்னால் வைஃபைக்கு நிழல் விழுகிறது. மீன் தொட்டியும் அப்படியே, தண்ணீர் இந்த அலையை நன்றாக விழுங்கும்.

இந்த இழப்பை அளக்க முடியும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஆப்பிள் மடிக்கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை குறியைச் சொடுக்கினால் சிக்னல், இரைச்சல் இரண்டும் எண்ணாகத் தெரியும். விண்டோஸில் இணைப்பின் பண்புகள் பகுதியில் லிங்க் ஸ்பீட் தெரியும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இலவச வைஃபை ஆய்வுச் செயலிகள் உண்டு. சிக்னல் எண் மைனஸில் வரும்: மைனஸ் 50 என்றால் மிக நன்று, மைனஸ் 67 வரை வீடியோ கூட்டம் தாங்கும், மைனஸ் 75-ஐத் தாண்டினால் தடுமாற்றம். இது மடங்குக் கணக்கு என்பதால் 10 குறைவது பத்தில் ஒரு பங்காக மெலிவதாகும். ஒரு காகிதத்தில் வீட்டின் படத்தை வரைந்து அறைக்கு அறை இந்த எண்ணைக் குறித்தால், பீரோவின் நிழல் கண்ணுக்குத் தெரியும்.

சில இடங்களில் மடிக்கணினியை ஒரு சாண் நகர்த்தினாலே எண் மாறும். இதில் மாயம் ஒன்றுமில்லை, 2.4 கிகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர்தான். சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலிகள் ஓரிடத்தில் கூடி வலுக்கின்றன, அரைச் சாண் தள்ளி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இந்த எதிரொலிக் குழப்பத்தை அடக்கும் முறைக்காக ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவில் ஜான் ஓசல்லிவன் குழுவினர் 1990-களில் காப்புரிமை பெற்றார்கள். அந்தக் குழு அதற்குமுன் ஈடுபட்டிருந்தது வானொலி வானியலில்.

ஆஸ்திரேலியா என்றதும் இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். அந்நாட்டின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் 1998 முதல் விளங்காத சில துடிப்புகள் அவ்வப்போது பதிவாகின. பெரிட்டான் என்று பெயரிட்டார்கள். அவை அலுவலக நேரத்தில் வந்ததால் பூமியிலிருந்தே எழுகின்றன என்ற ஐயம் வலுவாக இருந்தது. எதிலிருந்து என்றுதான் தெரியவில்லை. 2015-இல் எமிலி பெட்ராஃபும் கூட்டாளிகளும் இரைச்சலை அளக்கும் கருவி ஒன்றின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, துடிப்பு வந்த அதே கணத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் ஒரு வெடிப்பு இருந்தது. காரணம் வளாகத்து மைக்ரோவேவ் அடுப்பு. நேரம் முடியுமுன் யாரோ அவசரமாகக் கதவைத் திறக்கும் அந்தச் சிறு கணத்தில் கசிந்த அலையைத்தான் தொலைநோக்கி கேட்டிருந்தது.

வீட்டில் இந்த அடுப்பு ஓடும் இரண்டு மூன்று நிமிடம் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தடுமாறினால் வியப்பில்லை. ஆனால் தமிழ் வீடுகளில் மைக்ரோவேவைவிட அதிகம் சந்தேகிக்க வேண்டியது யூஎஸ்பி 3.0 துளை. நீல நாக்கு உள்ள அந்தத் துளையில் வெளி ஹார்டு டிஸ்க் செருகி வேலை செய்யும்போது, அதன் தகவல் ஓட்டமே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலாகச் சிந்துகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் விளக்கியது. கம்பியில்லா மவுஸ் திடீரென்று தத்தித் தத்தி நகர்வது இதன் கூடப்பிறந்த அறிகுறி. டிஸ்க்கைச் சற்று நீண்ட, நல்ல உறையிட்ட கேபிளில் தள்ளி வைப்பது, அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது, இரண்டுமே தீர்வு. புளூடூத் ஹெட்செட்டும் அதே அலைவரிசையில் விநாடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டிருக்கிறது. வைஃபை இருக்கும் சேனலைத் தவிர்க்க அதற்குத் தெரியும் என்றாலும், மடிக்கணினிக்குள் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே அட்டை, ஒரே ஆன்டெனா. நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

கைப்பேசியில் பாய்கிறது, அதே மேசையில் மடிக்கணினியில் மட்டும் இழுக்கிறது என்றால், பார்வையை மடிக்கணினிக்குத் திருப்ப வேண்டும். சர்வீஸ் கடைக்குப் போய் வந்த மடிக்கணினியில் முதலில் ஐயப்பட வேண்டியது ஆன்டெனா கம்பி. ஆன்டெனாக்கள் பெரும்பாலும் திரையைச் சுற்றிய சட்டத்துக்குள் இருக்கின்றன; கீல் வழியாக இறங்கும் இரண்டு மெல்லிய கம்பிகள் வைஃபை அட்டையில் பட்டன் போலப் பொருந்துகின்றன. கீல் மாற்றும்போதோ தூசு தட்டும்போதோ ஒன்று கழன்று, திரும்ப அழுத்தப்படாமல் போய்விடும். அதன் அடையாளம் தெளிவானது: ரவுட்டர் அருகே ஓரளவு ஓடும், பத்தடி தள்ளினால் படுத்துவிடும். ஐந்து நிமிட வேலைக்குப் புது அட்டையே வாங்கியவர்கள் உண்டு.

அட்டையே பழையது என்றால் வேறு கதை. தமிழ்நாடு அரசு 2011-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய காலத்தில் கடைகளில் விற்ற மலிவு மடிக்கணினிகள் பலவற்றில் ஒற்றை ஆன்டெனாவும் 2.4 கிகாஹெர்ட்ஸும் மட்டும்தான். அப்படிப்பட்ட அட்டை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் காட்டும் உச்ச லிங்க் ஸ்பீட் 72 மெகாபிட். அதுவும் காகித வேகம். கையில் கிடைப்பது ஏறக்குறைய பாதி. இந்த மடிக்கணினிக்கு 300 மெகாபிட் திட்டம் எடுத்துப் பயனில்லை. ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கும் இரட்டை அலைவரிசை யூஎஸ்பி வைஃபை குச்சி அதற்குப் புது உயிர் தரும். நல்ல மடிக்கணினியிலும் சில கண்ணிகள் உண்டு. பேட்டரியில் ஓடும்போது மட்டும் இழுத்தால், விண்டோஸின் மின்சேமிப்பு ஏற்பாடு வைஃபை அட்டையை அரைத் தூக்கத்தில் வைத்திருக்கக் கூடும். ரவுட்டரில் பழைய வெப் அல்லது டிகேஐபி பூட்டுமுறை இருந்தால், புதிய தரநிலைகளின் விதிப்படியே வேகம் 54 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது. டிரைவர் மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின் மெதுவானால், மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து பழைய பதிப்பை மீட்பது நியாயமான முயற்சி.

இத்தனையும் சரியாக இருந்தும் கூட்டம் மட்டும் திக்கும் வீடுகள் உண்டு. அவற்றுக்கான விளக்கம் ஜிம் கெட்டிஸின் வீட்டிலிருந்து வந்தது. எச்டிடிபி 1.1 விதிமுறையை எழுதியவர்களில் ஒருவர் அவர். பெல் ஆய்வகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். 2010-இல் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை ஏற்றும்போதெல்லாம் மற்ற எல்லாம் முடங்குவதைக் கவனித்தார். வேகச் சோதனையில் குறையில்லை. ஆனால் சிறு செய்தி ஒன்று போய்வர ஒரு விநாடிக்கும் மேல் ஆனது. மோடங்களும் ரவுட்டர்களும் தகவல் சிந்திவிடக் கூடாதே என்று மிகப் பெரிய தற்காலிகத் தேக்கங்களோடு செய்யப்பட்டிருந்தன. நினைவகம் மலிவானதும் அந்தத் தேக்கங்கள் வீங்கின. கோப்பின் துண்டுகள் தேக்கத்தை நிரப்பிவிட்டால், பேச்சொலியின் சிறு துண்டு அத்தனைக்கும் பின்னால் நிற்க வேண்டியதுதான். இந்தத் தேக்க வீக்கத்துக்கு அவர் வைத்த பெயர் பஃபர்புளோட்.

ஒருவழிப் பேச்சுத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. வீட்டில் ஒருவர் கைப்பேசி திருமண ஆல்பத்தின் ஆயிரம் படங்களை மேகத்துக்கு ஏற்றத் தொடங்கியதும், ஏற்று வேகம் குறைந்த இணைப்பில் இந்தத் தாமதம் பல மடங்காகிறது. ஃபாஸ்ட்.காம் போன்ற சோதனைகள் சும்மா இருக்கும்போதுள்ள தாமதத்தையும் சுமையின்போதுள்ள தாமதத்தையும் தனித்தனியே காட்டுகின்றன. இரண்டாவது எண் சில நூறைத் தாண்டினால் நோய் இதுதான். கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் கோடெல் என்ற எளிய வரிசை மேலாண்மை முறையை வெளியிட்டார்கள். அதன் வழிவந்த முறை லினக்ஸில் சேர்ந்து, 2018-இல் இணையத் தொழில்நுட்ப ஆவணமாகவும் வெளிவந்தது. ஸ்மார்ட் கியூ என்றோ கியூஓஎஸ் என்றோ ரவுட்டரில் இருக்கும் அமைப்பில், திட்ட வேகத்தில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை உச்சமாகக் குறித்தால் பல வீடுகளில் கூட்டம் தெளிவாகிவிடும். உச்ச வேகத்தில் பத்தை இழந்து பேச்சை மீட்பது மிக நல்ல பேரம்.

காசு செலவழித்துத்தான் ஆக வேண்டும் என்றால், எதில் என்பதில் கவனம் வேண்டும். தொலைக்காட்சிக்கும் மேசைக் கணினிக்கும் லேன் கேபிள் இழுப்பது பழைய வழி, ஆனால் மிகச் சிறந்தது. கேட் 5இ கேபிள் 100 மீட்டர்வரை ஒரு கிகாபிட் தாங்கும். படம் பார்க்கும் பெரிய குடம் காற்றின் வரிசையை விட்டு விலகினால் மடிக்கணினிக்கு முறை சீக்கிரம் வரும். கடைகளில் விற்கும் ரிப்பீட்டர் ஒரே சேனலில் கேட்டு, அதே சேனலில் திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகும். அதையும் சிக்னலே எட்டாத அறையில் செருகினால் திருப்பிச் சொல்ல அதனிடம் எதுவும் இருக்காது. பாதி வழியில், நல்ல சிக்னல் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். வைஃபை 6 நெரிசலில் முறை பங்கிடுவதில் உண்மையாகவே தேர்ந்தது, ஆனால் பழைய அட்டைக்கு அந்தத் திறமை வந்து சேராது. 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு பகுதியை உரிமமின்றித் திறப்பதற்கான வரைவு விதிகளை மத்திய அரசு 2025 மே மாதத்தில் வெளியிட்டது; பெருநகர அடுக்குமாடிகளுக்கு அது பெரிய ஆறுதலாகும்.

இவை எல்லாவற்றையும்விட மலிவான தீர்வு, ஃபைபர் இழுக்க வரும் தொழிலாளி ஏணியோடு நிற்கும் அந்த அரை மணி நேரத்தில் இருக்கிறது. கம்பத்திலிருந்து கேபிள் நுழையும் இடம் வாசல் பக்கம் என்பதால், மீட்டர் பெட்டிக்கு அருகிலோ தொலைக்காட்சி ஷோகேஸின் பின்னாலோ பெட்டியை மாட்டிவிட்டுப் போவது வழக்கம். அவரிடம் கேட்டு, இன்னும் பத்து மீட்டர் ஃபைபர் இழுத்து, வீட்டின் நடுக்கூடத்தில் தலைக்கு மேல் உயரத்தில் மாட்டச் செய்ய வேண்டும். நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனா சுற்றிலும்தான் அலையை வீசுகிறது, தலைக்கு நேர் மேலே மிகக் குறைவு. மாடியிலும் ஆள் இருந்தால் ஒரு ஆன்டெனாவைப் படுக்கவைப்பதில் பொருள் உண்டு.

எப்போது, எங்கே, எதில் என்ற கேள்விகளில் முதலாவதை எளிதாக மறந்துவிடுகிறார்கள். வேல்ஸின் அபெர்ஹோசன் என்ற சிற்றூரில் நடந்ததை இதற்காகவே நினைவில் வைக்கலாம். அங்கே ஒன்றரை ஆண்டாகத் தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுதும் பிராட்பேண்ட் படுத்துக்கொண்டது. ஓபன்ரீச் நிறுவனப் பொறியாளர்கள் பலமுறை வந்து பார்த்தார்கள், வலையமைப்பில் பழுதில்லை. கேபிள்களை மாற்றியும் பார்த்தார்கள், பலனில்லை. கடைசியில் காலை ஆறு மணிக்கே, கொட்டும் மழையில், அலை இரைச்சலை அளக்கும் கருவியோடு தெருவில் மேலும் கீழும் நடந்தார்கள். சரியாக ஏழு மணிக்குக் கருவி இரைச்சலைக் காட்டியது. அது வந்த திசையிலேயே போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அந்த வீட்டில் ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. தினமும் ஏழு மணிக்கு அதைப் போடுவது வீட்டுக்காரரின் வழக்கம். அதிலிருந்து தெறித்த மின் இரைச்சல் ஊரின் செம்புக் கம்பிகளில் ஏறியிருந்தது. விவரம் கேட்டதும் அவர் கூசிப்போனார். அந்தக் கணமே அணைத்து, இனிப் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அபெர்ஹோசனில் இணைப்பு நிற்கவில்லை.